தோற்ற ஆட்டத்தின் ஐந்தொகை

சதுரங்கம் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர்களிடம், அவர்கள் எட்டு வயதுப் பிள்ளையானாலும் நாற்பது வயது ஆசிரியரானாலும், போட்டிக்குப் போகலாமே என்றால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "இன்னும் கொஞ்சம் நல்லா ஆடக் கத்துக்கிட்டு அப்புறம் பாப்போம்." அடக்கமான பதில்தான். ஆனால் அதில் காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கின்றன. ஆட்டம் தேறிய பிறகு போட்டி என்று ஒத்திவைப்பவருக்கு, ஆட்டம் தேறுவதற்கான வழியே அடைபட்டுப் போகிறது. தொடக்க நிலையில் இருப்பவருக்கு அவரே ஆடித் தோற்ற ஆட்டங்களைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. அந்த ஆட்டங்கள் நிதானமாக ஆடப்பட்டிருக்க வேண்டும். ஒரு நகர்த்தல் விடாமல் எழுதப்பட்டிருக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்க்கப்பட வேண்டும். முதல் இரண்டும் தாமாக அமையும் இடம் போட்டி மண்டபம். மூன்றாவது நம் கையில் இருக்கிறது. எனவே விதிகள் தெரிந்து, சில மாதங்கள் பழகியதுமே போட்டிக்குப் போக வேண்டும், போனால் கணக்கோடு திரும்ப வேண்டும் என்பது என் கட்சி. இதற்கான காரணங்களையும், இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயமான வாதங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கணக்கு என்ற சொல்லைக் காரைக்குடிப் பக்கத்தில் விளக்கத் தேவையில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்து லேவாதேவி நடத்திய நகரத்தார், தொழில் பழக வந்த பையனைப் பெட்டியடியில் உட்காரவைத்தார்கள். பெட்டியடிப் பையன் அடுத்தாளாகி, காலம் கனிந்தால் கடையையே நடத்தும் மேலாளாக உயர்வான். அந்தக் கடைகளின் கணக்கு மூன்று படிகளில் ஏறியது. அன்றாட வரவும் செலவும் நடந்த வரிசையில் குறிப்பில் விழும். குறிப்பிலிருந்து ஒவ்வொருவர் பேரிலும் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டைக் கூட்டி ஐந்தொகை எடுத்து ஊரில் இருக்கும் முதலாளிக்கு அனுப்புவார்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் கடையின் நலத்தை முதலாளி இங்கே வளவில் இருந்தபடி அந்தத் தாளில் படித்துவிடுவார். வராத கடனை எழுதாமல் மறைத்தால் ஐந்தொகை அழகாக இருக்கும், கடை மூழ்கும். ஆட்டம் கற்பவருக்கும் இந்த மூன்று படிகளும் அப்படியே பொருந்துகின்றன. ஸ்கோர் ஷீட்டில் எழுதும் நகர்த்தல்கள் குறிப்பு. எந்த வகைத் தவற்றால் எந்த ஆட்டம் போயிற்று என்று பிரித்து எழுதுவது பேரேடு. பத்து ஆட்டங்களுக்கு ஒருமுறை அதைக் கூட்டிப் பார்த்து, அடுத்து எதைப் படிப்பது என்று முடிவெடுப்பது ஐந்தொகை. சதுரங்கத்தில் முன்னேறாமல் தேங்கி நிற்பவர்களில் பலர் உழைக்காதவர்கள் அல்லர். குறிப்பே எழுதாமல் வியாபாரம் செய்பவர்கள்.

முதலில் குறிப்பு. உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, நின்று யோசித்து ஆடும் கிளாசிக்கல் போட்டியில் இருவரும் தங்கள் நகர்த்தலையும் எதிராளியின் நகர்த்தலையும் எழுதியாக வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூடுதலாகக் கிடைக்கும் ஆட்டங்களில் கடைசி நகர்த்தல்வரை எழுத வேண்டும். எழுதும் முறை மிக எளிது. இடமிருந்து வலமாக எட்டு நெடுவரிசைகளுக்கு ஏ முதல் ஹெச் வரை எழுத்துகள், கீழிருந்து மேலாக ஒன்று முதல் எட்டு வரை எண்கள். ராஜாவுக்குக் கே, ராணிக்குக் க்யூ, யானைக்கு ஆர், பிஷப்புக்குப் பி, குதிரைக்கு என், சிப்பாய்க்கு எழுத்தே இல்லை. ஒரு வாரம் வீட்டில் எழுதி ஆடினால் எந்தக் குழந்தைக்கும் கை பழகிவிடும். இதை நிர்வாகச் சடங்காக நினைத்துக் கோணல்மாணலாகக் கிறுக்குபவர்கள் தங்கள் சொத்தைத் தாங்களே தொலைக்கிறார்கள். நகர்த்திய பிறகு எழுத வேண்டும், எழுதிவிட்டு நகர்த்தக் கூடாது என்பதும் விதி. பழகும்போதே அந்த வரிசையில் பழகுவது நல்லது. எழுதும் வழக்கம் இன்னொரு நன்மையும் செய்கிறது. எதிராளி ஆடியதும் பதறிக் காயைத் தூக்கும் கை, பேனாவை எடுப்பதால் சற்றே தாமதிக்கிறது. தொடக்க நிலையில் தோல்விகளில் பெரும்பங்கு அந்தச் சில வினாடிப் பதற்றத்தில்தான் பிறக்கிறது. கடிகாரத்தில் மீதமிருக்கும் நேரத்தையும் ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை ஓரத்தில் குறித்துக்கொண்டால், எங்கே வீணாக யோசித்தோம், எங்கே யோசிக்காமல் ஓடினோம் என்பதும் பின்னால் தெரியும்.

இங்கே முதல் மறுப்பு எழும். இப்போது கைப்பேசியில் ஒரு நாளைக்கு இருபது ஆட்டம் ஆடலாம்; எல்லா நகர்த்தல்களும் தாமாகவே பதிவாகிவிடுகின்றன; பிறகு போட்டி எதற்கு? விசுவநாதன் ஆனந்தே சென்னையில் டால் செஸ் கிளப்பில் மின்னல் வேக ஆட்டங்கள் ஆடித்தானே வளர்ந்தார்? உண்மைதான். மானுவேல் ஆரோன் 1972-இல் தொடங்கிய அந்தக் கிளப்பில் சிறுவன் ஆனந்த் வேக ஆட்டங்களை ஆடித் தீர்த்திருக்கிறார். ஆனால் அங்கே இருந்த ஒரு வழக்கத்தைக் கவனிக்க வேண்டும்: வென்றவர் நாற்காலியில் நீடிப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். தோல்விக்கு அங்கே ஒரு விலை இருந்தது. எழுந்தவர் தன் முறை வரும்வரை நின்று, தன்னை வென்றவர் அடுத்தவரிடம் எப்படி ஆடுகிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது. கைப்பேசியில் தோற்ற மறுநொடி அடுத்த எதிராளி வந்துவிடுகிறார். தோற்ற ஆட்டம் நினைவில் பதிவதற்குள் புதிய ஆட்டம் பாதியை எட்டிவிடுகிறது. பதிவு இருக்கிறது, படிப்பவர் இல்லை. மூன்று நிமிட ஆட்டத்தில் யோசிக்கப் பழகுவதற்குப் பதில், முன்பே தெரிந்ததைத் திரும்பச் செய்யும் கைப்பழக்கமே உறுதிப்படுகிறது. தெரிந்தது தவறாக இருந்தால் அந்தத் தவறே உறுதிப்படுகிறது. ஆனந்துக்கு அது உதவியது என்றால், தொடர்ந்து போட்டிகளில் நிதான ஆட்டமும் ஆடிய ஒருவருக்கு உதவியது. வேக ஆட்டத்தை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதிதாகக் கற்ற ஓப்பனிங்கைச் சோதித்துப் பார்க்க அது பயன்படும். ஆனால் அது சில்லறைக் கணக்கு; அதிலிருந்து ஐந்தொகை எடுக்க முடியாது.

அடுத்தது பேரேடு. போட்டியிலிருந்து திரும்பிய அன்றோ மறுநாளோ, பலகையை விரித்து, ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிப் பார்க்க வேண்டும். வென்ற ஆட்டத்துக்கும் இது உண்டு, ஆனால் தோற்ற ஆட்டத்துக்கு முதலிடம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மூன்று கேள்விகள் போதும். ஆட்டம் என் கையை விட்டுப் போன நகர்த்தல் எது? அந்த நேரத்தில் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? எதைப் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது? இவற்றில் இரண்டாவதுதான் உயிரான கேள்வி. அதற்கு விடை சொல்லக்கூடியவர் ஆடியவர் ஒருவரே. அந்த விடையை ஒரு நோட்டில் தலைப்பு வாரியாக எழுதி வர வேண்டும்: காவல் இல்லாத காயை விட்டுவைத்தது, எதிராளியின் மிரட்டலைப் பார்க்காதது, திட்டம் தெரியாமல் காய்களை அங்குமிங்கும் நகர்த்தியது, தொடக்கத்தில் குழம்பியது, எண்ட்கேம் தெரியாதது, நேரம் போதாதது. தொடக்க நிலையில் இந்த ஆறு தலைப்புக்குள் பெரும்பாலும் எல்லாத் தோல்வியும் அடங்கிவிடும். சோவியத் சதுரங்கப் பள்ளியின் தந்தையாகக் கருதப்படும் பாட்வின்னிக், தன் ஆட்டங்களைத் தானே அலசி, பிறர் பார்வைக்கு வைத்துக் குறை கேட்பதையே முன்னேற்றத்தின் முதல் வழியாகக் கற்பித்தார். கணினியே இல்லாத காலத்து முறை அது. இன்றும் அதற்கு மாற்று வரவில்லை என்பதற்கு நம் காலத்திலேயே சான்று இருக்கிறது.

"ஸ்டாக்ஃபிஷ்ல போட்டா ஒரு நொடியில தப்பு தெரிஞ்சிடுமே" என்பது இரண்டாவது மறுப்பு. கணினி நிரல் தவறைக் காட்டும்; அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தவறான நகர்த்தல் எது என்றுதான் அது சொல்லும். உங்கள் மனம் ஏன் அந்த நகர்த்தலை நல்லது என்று நம்பியது என்பது அதற்குத் தெரியாது. திருத்த வேண்டியது அந்த நம்பிக்கையைத்தான். பள்ளிக் கணக்கில் விடையைப் பின்பக்கம் புரட்டிப் பார்த்து எழுதும் பிள்ளைக்கு என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். 2024-இல் உலக சாம்பியனான குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஏறக்குறைய 2500 ரேட்டிங்கை எட்டும்வரை குகேஷைக் கணினி நிரலின் துணையின்றியே ஆட்டங்களை அலச வைத்தார். கிராண்ட்மாஸ்டர் நிலைக்கு வருகிறவருக்கே அது நன்மை செய்திருக்கிறது என்றால், இப்போதுதான் ஃபோர்க்கும் பின்னும் கற்றுக்கொள்கிறவருக்கு எவ்வளவு செய்யும் என்று எண்ணிப் பார்க்கலாம். கணினியை ஒதுக்கத் தேவையில்லை. முதலில் சொந்த மூளை, அடுத்து உங்களைவிட நன்றாக ஆடும் ஒருவரின் கண், கடைசியில் கணினி என்று வரிசை வைத்துக்கொண்டால் போதும். அப்போது கணினி சொல்வதும் விடையாக இல்லாமல், நீங்கள் எழுதியதைச் சரிபார்க்கும் தணிக்கையாக அமையும். முடிந்தால் ஆட்டம் முடிந்த கையோடு எதிராளியையும் அழைத்து, மண்டபத்துக்கு வெளியே பலகை விரித்துப் பேசிப் பாருங்கள். உங்களை வென்றவர் என்ன யோசித்தார் என்று அவர் வாயாலேயே கேட்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு எந்தக் கட்டணமும் கிடையாது.

பத்து ஆட்டங்கள் சேர்ந்ததும் ஐந்தொகை எடுக்கலாம். எந்தத் தலைப்பில் அதிகத் தோல்விகள் குவிந்திருக்கின்றனவோ அதைத்தான் அடுத்த இரண்டு மாதம் படிக்க வேண்டும்; பிடித்ததைப் படிக்கக் கூடாது. தொடக்க நிலையில் பெரும்பாலோரின் ஐந்தொகை ஒன்றுபோலவே இருக்கும்: காயைச் சும்மா கொடுத்ததும், மிரட்டலைப் பார்க்காததும் மேலே நிற்கும். அதற்கு மருந்து இரண்டு. ஒன்று, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் எதிராளியிடம் என்ன செக் இருக்கிறது, எந்தக் காயை வெட்ட முடியும், எதை மிரட்டுகிறார் என்று மூன்றையும் வரிசையாகப் பார்க்கும் ஒழுக்கம். மற்றொன்று, தினம் அரை மணி நேரம் இரண்டு அல்லது மூன்று நகர்த்தலில் காய் வெல்லும் புதிர்கள். புதிர்கள் ஏன் வேலை செய்கின்றன என்பதற்கு அறிவியல் விளக்கமும் இருக்கிறது. 1973-இல் சேஸ், சைமன் என்ற இரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள், உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையைச் சில வினாடிகள் மட்டும் காட்டிவிட்டுப் பலகையில் அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பகுதியை அடுக்கினார். தொடக்க நிலையினர் சில காய்களோடு நின்றுவிட்டனர். அதே காய்களை ஒழுங்கின்றிச் சிதறவைத்துக் காட்டியபோது தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது. அவரிடம் இருந்தது பிறவி நினைவாற்றல் அல்ல. பல ஆயிரம் அமைப்புகளோடு ஏற்பட்ட பழக்கம். அந்தப் பழக்கத்தைத் தினசரிப் புதிர்களும் சொந்த ஆட்டத்தின் மறுபரிசீலனையும் படிப்படியாகத் தருகின்றன.

ஓப்பனிங் படிக்க வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், ஆனால் கொஞ்சம். வெள்ளைக்கு ஒன்று, கறுப்பில் ராஜா சிப்பாய்க்கு எதிராக ஒன்று, ராணி சிப்பாய்க்கு எதிராக ஒன்று என மூன்றைத் தேர்ந்து, அவற்றில் நடுக்கட்டங்களைப் பிடிப்பது, குதிரை, பிஷப் இரண்டையும் வெளியே எடுப்பது, ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்புவது ஆகிய காரணங்களைப் புரிந்துகொண்டால் போதும். தொடக்க நிலை எதிராளி ஐந்தாவது நகர்த்தலிலேயே புத்தகத்தை விட்டு வெளியே போய்விடுவார். பதினைந்து நகர்த்தல் மனப்பாடம் செய்தவர் அங்கே கைவிடப்பட்டு நிற்பார். மிச்ச நேரத்தை எண்ட்கேமுக்குக் கொடுங்கள். உலக சாம்பியனாக இருந்த கேபபிளாங்கா ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, முடிவிலிருந்து தொடங்கிக் கற்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். அதன் அருமையை 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகமே பார்த்தது. உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது, கடைசி ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான்; டிராவில் முடியும் என்று பார்த்தவர்கள் எதிர்பார்த்தார்கள். 55-ஆவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரேன் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அதை ஏற்றால் பிஷப்பும் மாறிவிடும், பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சும், அந்த நிலை கறுப்பில் ஆடிய தனக்கு வெற்றி என்பதைக் குகேஷ் கண்டார். சில நகர்த்தல்களில் 18 வயதுச் சென்னை இளைஞர் உலக சாம்பியன். இறுதியில் நின்றது ராஜாவும் சிப்பாயும் உள்ள ஆட்டம். தொடக்கப் புத்தகங்களின் முதல் அத்தியாயங்களில் இருப்பது. ராஜாவுக்கு எதிர் ராஜா நிற்கும் அப்போசிஷன், சிப்பாயை ராணியாக்கும் கட்டக் கணக்கு, ஒற்றை யானையால் செக்மேட் செய்வது ஆகிய மூன்றையும் முதல் போட்டிக்கு முன்பே கற்றுக்கொள்ளலாம்.

இனிப் போட்டி. "கத்துக்குட்டி போனா எல்லா ரவுண்டும் தோக்கணும்" என்ற அச்சம், யாரோடு யார் மோதுவது என்ற பேரிங் எப்படிப் போடப்படுகிறது என்று தெரியாததால் வருகிறது. நம் ஊர்ப் போட்டிகளில் பெரும்பாலும் சுவிஸ் முறைதான். 64 பேர் என்றால் முதல் சுற்றில் பட்டியலின் மேல் பாதி கீழ்ப் பாதியோடு மோதும்: முதலாமவர் 33-ஆமவரோடு, 32-ஆமவர் 64-ஆமவரோடு. எனவே புதியவர் முதல் சுற்றில் தோற்பது பெரும்பாலும் எதிர்பார்த்ததே. அடுத்த சுற்றிலிருந்து ஒரே புள்ளி வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள். மூன்றாவது, நான்காவது சுற்று வரும்போது ஏறக்குறைய உங்கள் நிலையில் இருப்பவர் எதிரே உட்கார்ந்திருப்பார். யாரும் சீட்டு எழுதிக் கேட்காமலே, உங்கள் பலத்துக்கேற்ற எதிராளியை அந்த முறையே தேடிக் கொடுக்கிறது. வீட்டில் அப்பாவிடமும் அண்ணனிடமும் மட்டுமே ஆடிக்கொண்டிருப்பவருக்கு இது வேறெங்கும் கிடைக்காது. தனக்கு எது பலவீனம் என்று தெரிய, தன் பழக்கம் தெரியாத அந்நியர் பலரோடு ஆட வேண்டும். போட்டியை நான் வலியுறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம்.

ரேட்டிங் போய்விடும் என்ற பயத்துக்கும் எண்களே விடை சொல்லும். ஃபிடே கணக்கில் உங்களைவிட 200 புள்ளி அதிகம் உள்ளவரோடு ஆடினால், நீங்கள் பெற வேண்டியதாக எதிர்பார்க்கப்படுவது 0.24 புள்ளி. புதியவருக்கு முதல் 30 ஆட்டம் முடியும்வரையும், 18 வயதுக்குட்பட்டவருக்கு 2300-ஐ எட்டும்வரையும் பெருக்கு எண் 40. எனவே தோற்றால் 9.6 புள்ளி குறையும், வென்றால் 30.4 கூடும். நான்கு ஆட்டத்தில் மூன்று தோற்று ஒன்றை வென்றால்கூட ஒன்றரைப் புள்ளிக்கு மேல் லாபம். மாறாக, 100 புள்ளி குறைந்தவரையே தேடி ஆடினால் வென்றால் 14.4, தோற்றால் 25.6 நட்டம். தன்னைவிட வலியவரிடம் தோற்பதை விதிகளே மன்னிக்கின்றன. 2024 மார்ச் முதல் ரேட்டிங்கின் அடித்தளம் 1400. ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடி, அந்த அளவுக்குத் தேறினால்தான் முதல் ரேட்டிங் வரும். முதல் போட்டியில் அரைப் புள்ளிகூட எடுக்காவிட்டால் அந்தப் போட்டி கணக்கிலேயே சேராது. ஆகவே தொடக்கத்தில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அவசரமாக ரேட்டிங் வாங்கித் தர முயலும் பெற்றோரும் இதை நினைவில் வைக்கலாம்: எண் பின்னால் வரும், கணக்கு நோட்டு முன்னால் வர வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: தொடர் தோல்வி குழந்தையின் மனத்தை உடைத்துவிடாதா? உடைக்கும், தோல்வியைக் குற்றமாக நடத்தும் வீட்டில். மண்டபத்திலிருந்து வெளியே வரும் பிள்ளையிடம் முதல் கேள்வி "ஜெயிச்சியாப்பா?" என்று வந்தால், தோற்றதை மறைக்கவே பிள்ளை பழகும், ஸ்கோர் ஷீட் கசங்கி எங்கோ போகும். "எந்த இடத்துல ரொம்ப யோசிச்ச?" என்று கேட்டால் பிள்ளை பேசத் தொடங்கும். கேள்வியை மாற்றுவது பெற்றோர் செய்யக்கூடிய பெரும் பயிற்சி உதவி. அதற்குச் சதுரங்கம் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. தோல்வி எதற்குப் பயன்படும் என்பதற்குக் குகேஷின் பாதையே சாட்சி. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது ஒலிம்பியாடில், 10-ஆவது சுற்றில் அப்துசத்தோரோவுக்கு எதிராக வெல்லும் நிலையிலிருந்து தவறிழைத்துத் தோற்றார். அணியின் தங்கக் கனவும் அதோடு நழுவியது. 2024 ஏப்ரலில் டொரன்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் 7-ஆவது சுற்றில் அலிரேசா ஃபிரோஸ்ஜாவிடம் தோற்றார். அந்தத் தோல்விதான் தனக்கு உந்துதல் தந்தது என்று பிறகு அவரே சொன்னார். 14-க்கு 9 புள்ளி எடுத்து அந்தப் போட்டியை வென்றார். சிங்கப்பூரிலும் முதல் ஆட்டத்திலேயே தோல்விதான். தோற்காதவர் வளர்ந்தார் என்ற கதை சதுரங்கத்தில் எங்கும் இல்லை.

காசும் தூரமும் நான்காவது மறுப்பு. சென்னையில்தான் எல்லாம் நடக்கும், நானூறு கிலோமீட்டர் யார் போவது என்ற மனத்தாங்கல் காரைக்குடியில் இயல்பு. ஆனால் தொடக்க நிலைக்குச் சென்னை தேவையில்லை. பள்ளிகள் நடத்தும் ஒருநாள் போட்டிகளும் மாவட்டப் போட்டிகளும் முதல் ஓராண்டுக்குப் போதும். புதுக்கோட்டை பக்கத்தில் இருக்கிறது, மதுரையும் திருச்சியும் காலையில் பேருந்து ஏறினால் ஆட்டம் தொடங்குமுன் போய்ச் சேரும் தூரம். மாதம் ஒரு போட்டி போதும். அதற்கு மேல் போனால் கணக்குப் பார்க்க நேரம் இராது. ரேட்டிங் போட்டிக்குப் போக, அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பில் பதிவு செய்து, ஃபிடே எண்ணும் பெற வேண்டும். பிறப்புச் சான்றிதழைக் கையோடு வைத்திருங்கள். தேசிய வயதுப் பிரிவுகள் 7, 9, 11, 13, 15, 17, 19 என்று போகும்; வயது அந்த ஆண்டின் ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படும். பெரியவர்களுக்கு 1600-க்குக் கீழ், 1800-க்குக் கீழ் எனத் தனிப் போட்டிகள் உண்டு; நாற்பது வயதில் தொடங்குபவர் பத்து வயதுப் பிள்ளையிடம் தோற்கக் கூச வேண்டியதில்லை, அந்தப் பிள்ளையிடம் கற்கவும் கூச வேண்டியதில்லை.

மண்டபத்துக்குள் சில விதிகளைத் தெரிந்துகொள்ளாததால் ஆட்டத்தையே இழப்பவர்கள் உண்டு. தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். காயைச் சரியாக வைக்க வேண்டுமானால் தொடுவதற்கு முன்பே "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட வேண்டும். கேஸ்லிங் செய்யும்போது ஒரே கையால், முதலில் ராஜாவைத் தொட வேண்டும். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். விதிக்கு மாறான நகர்த்தலைச் செய்து கடிகாரத்தை அழுத்திவிட்டால் முதல் முறை எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், இரண்டாவது முறை ஆட்டமே போய்விடும். கைப்பேசி உடலோடு இருந்தால் அதற்கே ஆட்டம் போகலாம். சந்தேகம் வந்தால் எதிராளியோடு வாதிடாமல் கடிகாரத்தை நிறுத்திக் கையை உயர்த்தி ஆர்பிட்டரை அழையுங்கள். அது உங்கள் உரிமை. 90 நிமிடம் தந்திருக்கும் ஆட்டத்தை 20 நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வந்து ஓடியாடும் பிள்ளைகள் ஒவ்வொரு போட்டியிலும் உண்டு. கொடுத்த நேரமும் ஒரு காய்தான், அதைப் பலகைக்கு வெளியே விட்டுவிட்டு வரக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். இரண்டு சுற்றுக்கு நடுவில் கனமான சாப்பாடு வேண்டாம், கைப்பேசியில் வேக ஆட்டமும் வேண்டாம்.

கடைசியாக ஒரு மறுப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது: இதெல்லாம் பிறவித் திறமை, இல்லாதவர் கணக்கெழுதி என்ன ஆகப்போகிறது? ஆளுக்கு ஆள் வேறுபாடு இருப்பதை நான் மறுக்கவில்லை. கோபே, கேம்பிடெல்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் அர்ஜென்டினா ஆட்டக்காரர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கும் மேல் தேவைப்பட்டது. வேகம் ஒன்றல்ல. ஆனால் 2005-இல் சார்னெஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, திறனோடு மிக நெருங்கிய தொடர்புடையதாகக் கண்டது தனியே உட்கார்ந்து செய்யும் தீவிரப் படிப்பைத்தான். போட்டி ஆட்டத்தைவிடவும் அதற்கே எடை அதிகம். என் வாதத்துக்கு இது எதிரானதாகத் தோன்றலாம். கணக்கோடு திரும்ப வேண்டும் என்று நான் வற்புறுத்துவதே இதனால்தான். போட்டி சரக்கைத் தருகிறது, தனிப்படிப்பு அதைக் கூட்டிக் கழிக்கிறது. ஒன்றில்லாமல் மற்றது பாதிதான். எல்லாரும் கிராண்ட்மாஸ்டர் ஆக முடியாது. ஆனால் இந்த ஆண்டின் தன்னைவிட அடுத்த ஆண்டின் தான் நன்றாக ஆடுவது யாருக்கும் எட்டும் இலக்கு.

இந்த ஊரிலிருந்து அந்தத் தூரமும் போக முடியும் என்பதற்கு எம். பிரணேஷ் இருக்கிறார். காரைக்குடியைச் சேர்ந்த அவர், 2023 ஜனவரியில் ஸ்டாக்ஹோமில் ரில்டன் கோப்பையை வென்று, 2500-ஐக் கடந்து, 16 வயதில் இந்தியாவின் 79-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். தரவரிசையில் 22-ஆவதாக உள்ளே நுழைந்து, ஒன்பது சுற்றில் எட்டுப் புள்ளி எடுத்து, இரண்டாமவரைவிட ஒரு புள்ளி முன்னே முடித்தார். 2025-இல் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவையும் வென்றார். அந்த ரில்டன் கோப்பைப் புள்ளிப் பட்டியலை இன்று சதுரங்கம் தொடங்கும் காரைக்குடிப் பிள்ளைக்குக் காட்ட விரும்புவேன். கோப்பையைத் தந்த அந்த வாரத்தின் கணக்கிலும் ஒன்பதில் ஒரு புள்ளி குறைந்துதான் இருக்கிறது. உன் முதல் போட்டியில் குறையும் புள்ளிகள் நான்காக இருக்கலாம், ஐந்தாக இருக்கலாம். ஒவ்வொன்றும் எந்த நகர்த்தலில் போயிற்று என்று அன்றிரவே நோட்டில் எழுதி வை. எழுதிய பக்கங்கள் பத்து சேர்ந்ததும் கூட்டிப் பார். அடுத்த போட்டிக்கு எதைப் படிக்க வேண்டும் என்று அந்தப் பக்கமே உனக்குச் சொல்லும்.